விழுவதற்கு முன்பே வரவேண்டிய உதவி

என் தம்பி அடிப்பான். கடிப்பான். சில நேரம் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். பேச்சு வராது. ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவன். இப்போது என்னைவிட நல்ல உயரம். அதே தம்பிதான் பாட்டு போட்டால் கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் கேட்பான். நான் வந்த சத்தம் கேட்டதும் ஓடிவந்து என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்வான். இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் வெளியாரிடம் பேசும்போது பெரும்பாலும் பாட்டையும் கன்னத்தையும் மட்டும்தான் சொல்வார்கள். மற்றதைச் சொன்னால் பிள்ளையைப் பார்த்து எல்லோரும் பயந்துவிடுவார்களோ என்ற கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் சொல்லாதவரை உதவி வருவதில்லை, வந்தாலும் பொருந்தாத உதவிதான் வருகிறது. அதனால்தான் இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இது அம்மாவைப் பற்றிய கட்டுரை. அவளுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய, வெகு தாமதமாகக் கிடைத்த ஓய்வைப் பற்றியது. ரெஸ்பைட் கேர் என்கிறார்கள். பிள்ளையை வளர்ப்பவர்கள் கொஞ்சம் இளைப்பாறுவதற்காக, விவரம் தெரிந்த வேறொருவர் சில மணி நேரமோ, ஓர் இரவோ, சில நாட்களோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்பவர்கள் உண்டு. பகல் நேர மையங்கள் உண்டு, இரவு தங்கவைக்கும் இல்லங்கள் உண்டு. பயிற்சி பெற்ற இன்னொரு குடும்பம் மாதம் ஒரு வார இறுதியில் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் முறையும் சில நாடுகளில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த வேறொருவர் நான். தனி வீடு, தனி வேலை என்று ஆன பிறகு, வார இறுதிகளில் தம்பியோடு தங்கி அம்மாவை வெளியே அனுப்புகிறேன். அல்லது அடுத்த அறையில் தூங்கவைக்கிறேன்.

தூக்கத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 50 முதல் 80 சதவீதம் பேருக்குத் தூக்கப் பிரச்சினை இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. தம்பி அந்தக் கணக்கில் ஒருவன். நள்ளிரவு தாண்டி எழுவான், விளக்கைப் போடுவான், கதவைத் திறந்துகொண்டு வெளியே போகப் பார்ப்பான். நான் பள்ளியில் படித்த காலம் முழுக்க அம்மா அவன் அறை வாசலில் குறுக்காகப் படுத்துத்தான் தூங்கினாள். அவன் எழுந்தால் அவளை மிதிக்காமல் வெளியே போக முடியாது, அதற்காகத்தான் அந்த இடம். பகலில் அவன் பள்ளிக்குப் போயிருக்கும்போது தூங்கலாம்தானே என்று கேட்பவர்களுக்கு அந்தப் பள்ளியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளைப் பற்றித் தெரியாது. "இன்னைக்கு சமாளிக்க முடியல, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க." கைபேசியைப் பார்த்தபடியே படுத்திருப்பவளுக்கு எங்கிருந்து தூக்கம் வரும்?

குறைபாடுள்ள குழந்தை பிறந்ததுதான் பெற்றோரை உடைக்கிறது என்று பொதுவாக நினைக்கிறார்கள். ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. புரூஸ் பேக்கரும் அவருடைய குழுவினரும் மூன்று வயதுக் குழந்தைகள் உள்ள குடும்பங்களைக் கவனித்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளும் அதில் இருந்தார்கள், இல்லாதவர்களும் இருந்தார்கள். பெற்றோரின் மன அழுத்தத்தைத் தீர்மானித்தது குழந்தையின் அறிவு வளர்ச்சியைவிட அதன் நடத்தைச் சிக்கல்கள்தான் என்று அதில் தெரியவந்தது. எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. தம்பி பேசமாட்டான் என்பதை அம்மா வெகு காலம் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டாள். அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாமல் ஒவ்வொரு நிமிடமும் உடம்பை இறுக்கி வைத்திருப்பதுதான் அவளைத் தின்றது.

உடம்பைத் தின்றது என்று சொல்வது வெறும் பேச்சுக்காக அல்ல. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மார்ஷா மைலிக் செல்ட்சர் குழுவினர் 2010-ல் ஆட்டிசம் உள்ள வளரிளம் பருவத்தினர், பெரியவர்கள் ஆகியோரின் தாய்மார்களை ஆராய்ந்தார்கள். அழுத்தத்தைச் சமாளிக்க உடல் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் அந்தத் தாய்மார்களுக்கு இயல்பைவிடக் குறைந்திருந்தது. போரில் இருந்த சிப்பாய்கள் போல, நீண்ட காலம் அழுத்தத்தில் கிடந்தவர்களிடம் காணப்படும் நிலை அது. அதற்கு முன், 2004-ல், எலிசா எபெல், எலிசபெத் பிளாக்பர்ன் முதலானோர் நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளை வளர்க்கும் தாய்மார்களின் ரத்த அணுக்களைப் பார்த்தார்கள். மிக அதிக அழுத்தத்தை உணர்ந்த தாய்மார்களின் அணுக்களில் குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர்கள், குறைந்த அழுத்தம் உணர்ந்தவர்களுடையதைவிடக் குறுகியிருந்தன. பத்து வருஷமாவது கூடுதலாக வயதானதற்குச் சமமான அளவு என்று கணக்கிட்டார்கள். பிளாக்பர்ன் டெலோமியர் ஆராய்ச்சிக்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றவர். இதையெல்லாம் படித்தபோது அம்மாவின் பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தேன். சில வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் இரண்டு வேறு தலைமுறைப் பெண்கள் மாதிரி இருக்கிறாள்.

சரி, அம்மா களைத்துப்போனாள், அவளுக்கு ஓய்வு வேண்டும். இதை மறுக்க யாருமில்லை. ஆனால் ஓய்வை அம்மாவுக்குச் செய்யும் தயவாக மட்டும் பார்க்கிறார்களே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அது தம்பிக்கான சிகிச்சையின் ஒரு பகுதி. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தப் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கிற இடங்களில் இருப்பவர்கள்கூட இதைப் புரிந்துகொள்ளாமல் இருக்கிறார்கள்.

அடிப்பதும் கடிப்பதும் காரணமில்லாமல் வருவதில்லை. 1982-ல் பிரையன் இவாட்டா குழுவினர், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை வெவ்வேறு சூழல்களில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு பிள்ளை மற்றவர் கவனத்துக்காகச் செய்தது. இன்னொன்று கடினமான வேலையிலிருந்து தப்பிக்கச் செய்தது. மற்றொன்றுக்கு அதனால் உடம்பில் கிடைக்கும் உணர்வே தேவையாக இருந்தது. 1985-ல் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் இருவரும் அடுத்த படிக்குப் போனார்கள். அந்தத் தேவையைச் சொல்ல வேறு எளிய வழி ஒன்றைக் கற்றுக்கொடுத்தால் சிக்கலான நடத்தை குறைகிறது என்று காட்டினார்கள். இன்று இந்தத் துறையில் இருப்பவர்கள் செய்வதில் பெரும்பகுதி இந்த இரண்டு கண்டுபிடிப்புகளின் மேல்தான் நிற்கிறது.

தம்பி தப்பிப்பதற்காக அடிக்கிறவன். சத்தம், கூட்டம், புரியாத வேலை, எதுவானாலும் ஓங்கி ஒன்று வைத்தால் எதிரில் இருப்பவர் விலகிவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். சிகிச்சையாளர் அவனுக்கு ஓர் அட்டை கொடுத்தார். சிவப்பு அட்டை, 'போதும்' என்று அர்த்தம். அட்டையை நீட்டினால் உடனே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அடித்தால் நிறுத்தக் கூடாது. அமைதியாக அட்டையைக் காட்டி, அவன் அதை எடுத்துக் கொடுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் அடி கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தார். பழைய வழி பலிக்காதபோது பிள்ளை அதையே இன்னும் வேகமாக முயன்று பார்க்கும், அது பலருக்கும் நடப்பதுதான், அந்த ஏற்றத்தைத் தாண்டிவிட்டால் இறங்கும் என்றார்.

அந்த ஏற்றத்தைத் தாண்டத்தான் தெம்பு வேண்டும். மூன்று நாள் தூங்காத மனுஷி, உதடு கிழிந்து ரத்தம் வரும்போது, விதிப்படி அட்டையைக் காட்டிக்கொண்டு நிற்பாளா? நான்காவது அடியில் விட்டுக்கொடுப்பாள். யாராக இருந்தாலும் விட்டுக்கொடுப்பார்கள். அப்படி விட்டுக்கொடுக்கும்போது தம்பி கற்றுக்கொள்வது, நான்கு அடி அடித்தால் வேலை நடக்கும் என்பதை. எப்போதாவது பலிக்கிற நடத்தை எப்போதும் பலிக்கிற நடத்தையைவிட நீண்ட காலம் நிலைத்திருக்கும் என்பது நடத்தை அறிவியலின் பழைய பாடம். ஆக, களைப்பு நடத்தையை வளர்க்கிறது, நடத்தை களைப்பை வளர்க்கிறது. கேமரன் நீஸும் பேக்கரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளை மூன்று வயது முதல் பல வருஷம் தொடர்ந்து பார்த்து இதையே சொன்னார்கள்: பெற்றோரின் அழுத்தமும் பிள்ளையின் நடத்தைச் சிக்கலும் ஒன்றையொன்று காலப்போக்கில் கூட்டிக்கொண்டே போகின்றன. இந்தச் சுற்றை எங்காவது வெட்ட வேண்டும். தம்பியின் பக்கம் வெட்டுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அம்மாவின் பக்கம் வெட்ட, ஒழுங்காகத் திரும்பத் திரும்பக் கிடைக்கிற சில இரவுத் தூக்கம் போதும். நான் வர ஆரம்பித்த பிறகுதான் சிவப்பு அட்டை வேலை செய்ய ஆரம்பித்தது. அட்டை அதே அட்டைதான்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். இந்த உதவி யாருக்கு மிக அவசியமோ அவர்களைத்தான் பெரும்பாலான இடங்கள் முதலில் திருப்பி அனுப்புகின்றன. தம்பியை ஒரு பகல் நேர மையத்தில் சேர்த்தோம். விண்ணப்பத்திலேயே நிபந்தனைகள் இருந்தன: கழிப்பறைப் பழக்கம் இருக்க வேண்டும், மற்றவர்களைத் தாக்கக் கூடாது. "அது இருந்தா நாங்க ஏன் இங்க வர்றோம்?" என்று அப்பா கேட்டார். சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில், மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மற்ற பிள்ளைகளின் பாதுகாப்பு உண்மையான கவலை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கிருந்த இளம்பெண்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. எட்டுப் பிள்ளைகளுக்கு இருவர் இருந்தார்கள். தம்பி போன்ற ஒருவனுக்குத் தனியாக ஒருவர், சில நேரம் இரண்டு பேர் வேண்டும். அதற்குச் செலவாகும். அந்தச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால், அமைதியான பிள்ளைகளின் பெற்றோருக்கு இளைப்பாறலும் எங்களைப் போன்றவர்களுக்கு வருத்தக் கடிதமும் கிடைக்கின்றன.

ஒரு சேவை நல்ல சேவையா என்று பார்க்க நான் கேட்கும் முதல் கேள்வி, "அவன் அடித்தால் என்ன செய்வீர்கள்?" என்பது. "எங்ககிட்ட அடிக்க மாட்டான், நாங்க பார்த்துக்குறோம்" என்றால் வெளியே வந்துவிடுவேன். "பிடித்து உட்காரவைப்போம்" என்றால் எப்படிப் பிடிப்பீர்கள், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று கேட்பேன். குப்புறப் படுக்கவைத்து மேலிருந்து அழுத்துவதால் மூச்சடைத்து உயிர் போயிருக்கிறது; அதைச் செய்கிற இடத்தில் பிள்ளையை ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. மருந்து கொடுத்து மந்தமாக்கி வைக்கிற இடங்களும் உண்டு. பேச்சு வராத பிள்ளை வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லாது என்பதை மறக்கக் கூடாது. சொல்லாமல் போய் நின்றால் உள்ளே விடுவார்களா, யாருடன் தனியாக இருப்பான், தினமும் நடந்ததை எழுதி வைக்கிறார்களா, இதெல்லாம் கேட்டாக வேண்டும். நான் கேட்க விரும்பும் பதில் இப்படி இருக்கும்: "எதனால அடிக்கிறான்னு முதல்ல நீங்க சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அவன் முகத்துல என்ன தெரியும்?"

ஏனென்றால் அடிக்கு முன்னால் பெரும்பாலும் ஏதாவது தெரியும். தம்பிக்கு வலது காது மடல் சிவக்கும், பிறகு சட்டைக் காலரைக் கடிப்பான். அந்தக் கட்டத்தில் அறையை மாற்றினால், விளக்கைக் குறைத்தால், பேச்சை நிறுத்தினால், அடி வரவே வராது. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவான், கோபம் வருவதன் அடையாளங்கள், அப்போது செய்ய வேண்டியது, கண்டிப்பாகச் செய்யக் கூடாதது, மருந்து விவரம். கீழே தனியாக ஒரு வரி: 'திடீரென்று தலையை மோத ஆரம்பித்தால் முதலில் பல், காது, வயிறு பாருங்கள்.' பேச முடியாதவர்களின் நடத்தை திடீரென மோசமானால் வலி ஒரு முக்கியக் காரணம். ஒரு முறை ஒரு வாரம் முழுக்க ஆடித் தீர்த்தான், கடைசியில் காதில் சீழ். பிள்ளையை யாரிடமாவது விட நினைப்பவர்கள் இந்த ஒரு பக்கத்தை இன்றே எழுதிவிடுங்கள். விடுவதற்கு ஆள் கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். நீங்கள் திடீரென்று மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் உங்கள் தலைக்குள் இருப்பதை எல்லாம் யார் எடுத்துச் சொல்வார்கள்?

அப்புறம், உறவினர்களின் பேச்சு. "பெத்தவ பார்த்துக்கிற மாதிரி வருமா?" என்று பெரியம்மா அம்மாவிடம் கேட்பார். பாசத்தில்தான் கேட்பார். ஆனால் அந்த ஒரு கேள்வி அம்மாவை வருஷக்கணக்கில் கட்டிப்போட்டது. கேட்பவர்கள் யாரும் ஒரு மணி நேரம் தம்பியோடு உட்கார முன்வந்ததில்லை. பெற்றவளைப் போல வராதுதான். அதனால் என்ன? பெற்றவளே அவளைப் போல இல்லாத நாட்கள் இருந்தன. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுத நாட்களில், நானும் தம்பியும் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்போம். அந்த வீட்டில் இன்னொரு குழந்தையும் இருந்தது, அது நான், அதற்கும் ஒரு அம்மா தேவைப்பட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கூடப்பிறந்தவர்களின் பங்கை யாராவது எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அப்பா, அம்மா இருவரும் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் ஊழியர்களைப் போலத்தான் வாழ்ந்தார்கள். ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் படுத்திருப்பார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் 101 தம்பதிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ரெஸ்பைட் நேரம் கூடியிருந்த வீடுகளில் கணவன் மனைவி உறவும் நன்றாக இருந்தது. அந்த உதவியை அதிகம் தந்தவர்கள் தாத்தா பாட்டிகள். தாத்தா பாட்டிக்கு வயதாகும், பிள்ளைக்கு உயரம் கூடும். குடும்பத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகும்போது பல வீடுகளில் சரிந்துபோவதற்கு இதுதான் காரணம்.

இது உரிமை என்று சொல்லும் ஆவணங்கள் இல்லாமல் இல்லை. ஐ.நா. பொதுச்சபை 2006-ல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28-வது பிரிவு, வறுமையில் வாழும் குடும்பங்களுக்கு அரசு தர வேண்டியவற்றில் பயிற்சி, ஆலோசனை, நிதியுதவி ஆகியவற்றோடு ரெஸ்பைட் கேரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதே வருஷம் அமெரிக்கா இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தில் 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள். ஓய்வு கிடைக்காவிட்டால் பராமரிப்பைத் தொடரவே முடியாது என்ற நிலையில் இருப்பவர்களை மட்டும் கவனித்தால் போதாது என்கின்றன அவை. ஓய்வு கிடைத்தால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்களையும் உள்ளூர் நிர்வாகம் கருத்தில் கொள்ள வேண்டும். படிக்க, பொழுதுபோக்க, மற்ற பிள்ளைகளைக் கவனிக்க, வீட்டு வேலையை முடிக்க என்று காரணங்களையும் எழுதியிருக்கிறார்கள். பொழுதுபோக்க! ஓர் அம்மா நல்லபடியாக இருக்கும்போதே, விழுந்து கிடக்காதபோதே, அவளுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று ஒரு அரசு எழுதி வைத்திருக்கிறது. விதி எழுதியிருப்பதாலேயே எல்லாம் கிடைத்துவிடுவதில்லை, காத்திருப்புப் பட்டியல்கள் அங்கேயும் உண்டு. ஆனாலும் இந்த வரிசை சரியான வரிசை. நெருக்கடி வந்த பிறகு கொடுக்கும் ஓய்வில் அம்மாக்கள் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கிறார்கள், பிள்ளைகள் தெரியாத இடத்தில் தெரியாத முகங்களுக்கு நடுவே இன்னும் மோசமாகிறார்கள்.

பிள்ளையின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். திடீரென்று ஆள் மாறினால் தம்பிக்குத் தரை நழுவிவிடும். என்னிடமே முதல் சில முறை அம்மா எங்கே என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடினான். அதனால் எதையும் சிறிது சிறிதாகத்தான் செய்கிறோம். அம்மா வீட்டில் இருக்கும்போதே நான் அவனைக் கவனிப்பது, பிறகு அவள் அரை மணி நேரம் வெளியே போய்த் திரும்புவது, பிறகு மாலை முழுக்க. சுவரில் படங்கள் ஒட்டியிருக்கிறோம்: இப்போது அக்கா, பிறகு தூக்கம், காலையில் அம்மா. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே அந்தப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் போடுவான். அம்மாவின் முகம் உள்ள படம் மட்டும் மிஞ்சும்போது கதவருகே போய் உட்கார்ந்துகொள்வான், ஆனால் அடிப்பதில்லை.

அம்மாவுக்கும் பயிற்சி தேவைப்பட்டது. வெளியே போன முதல் நாட்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள். கிடைத்த நேரத்தில் பாக்கியிருந்த வேலைகளை எல்லாம் முடித்துக்கொண்டு, போனபோது இருந்ததைவிடக் களைத்துத் திரும்புவாள். "வேலைக்காகப் போறதா இருந்தா அனுப்ப மாட்டேன், நீ போய்ப் படும்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது. இப்போது தூங்குகிறாள். தோழி ஒருத்தியோடு நடக்கப் போகிறாள். சில நாள் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கும் முதுகுவலி ஆரம்பித்திருக்கிறது, வேலையும் கூடியிருக்கிறது. அக்கா ஒருத்தியை நம்பி நிற்கிற ஏற்பாடு இன்னொரு தலைமுறைக்கு அதே சுமையை மாற்றிவைப்பதுதான். அதனால் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவரைப் பிடித்திருக்கிறோம். முதல் சந்திப்பிலேயே, தம்பி எதனால் அடிக்கிறான் என்று கேட்டார். ஒரு பக்கக் குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு, அதில் இல்லாத இரண்டு கேள்விகளும் கேட்டார். சனிக்கிழமைகளில் என்னோடு உட்கார்கிறார். இன்னும் சில வாரத்தில் நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன், பிறகு தெருமுனை வரை, பிறகு ஒரு மாலை முழுக்க. முழு இரவு தங்கும் பேச்சை எடுத்தால் அம்மா "பார்க்கலாம்" என்கிறாள். அவருடைய படத்தை இப்போதே எடுத்து, தம்பியின் சுவரில் அக்கா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டோம்.